தண்ணிக்குப் போட்ட தோல்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, உப்பு சரியா இருக்கான்னு கடல் தன்னைத்தானே ருசி பாத்துக்கிட்டு இருந்த காலத்துல, பவளத்துறைன்னு ஒரு துறைமுக ராஜ்ஜியம். ஊரு வளந்துச்சு, வளந்துச்சு, புது மாப்பிள்ளை தொப்பை மாதிரி வளந்துச்சு. தோல் பட்டறைக் கழிவு, சாயப் பட்டறைக் கழிவு, அரமனைக் கழிவு, மூணும் ராஜா வெட்டுன வாய்க்கால் வழியா வந்து துறைமுகத்துல விழும். நாத்தம்னா நாத்தம்! நண்டு பக்கவாட்டுல நடக்குறதே மூஞ்சியத் திருப்பிக்கத்தான்.

ராஜா வாய்க்கால அடைச்சாரா? அதான் இல்ல. மாயக்காரன் நிழலாண்டியக் கூப்பிட்டாரு.

"நாத்தமும் வரக்கூடாது, அழுக்கும் தெரியக்கூடாது."

"தண்ணிக்கு ஒரு தோல் போட்டுட்டாப் போச்சு, ராஜா!"

ஊதுனான். தண்ணி பளிங்கா ஆயிடுச்சு. ஊரே ஓடிப்போய் முகம் பாத்துச்சு. ஒண்ணு மட்டும் உறுத்துச்சு: நாம சிரிக்காதப்பவும் தண்ணிக்குள்ள நம்ம முகம் சிரிச்சுது.

அந்த ஊரு மீனவங்களுக்கு ஒரு வழக்கம். படகோ கப்பலோ, எறக்குறதுக்கு முன்னாடி சொந்தக்காரங்க ஒரு கை கடல்தண்ணி அள்ளி வாயில வச்சுப் பாக்கணும். ருசி கெட்டிருந்தா அன்னிக்குக் கடல் கெடையாது.

மீனவப் பையன் கொளஞ்சி அன்னிக்கு வாயில வைக்கல. "இவ்ளோ பளிச்சுன்னு இருக்கு, ருசி வேற பாக்கணுமாக்கா?"ன்னு அக்கா செங்கேணிகிட்டச் சொல்லிட்டுப் படக எறக்குனான். சிக்குன வலைய எடுக்கக் குதிச்சான். தோல் அவன உள்ள விட்டுச்சு. அப்புறம் இறுகிக்கிச்சு, வெளிய விடல.

டக். டக். டக். அடியிலேருந்து தட்டுறான்.

"தொறந்து விடுக்கா..."

செங்கேணி கையால அள்ளப் பாத்தா. கை வழுக்கிக்கிட்டுப் போச்சு. துடுப்பால குத்துனா. துடுப்பு ஒடிஞ்சுது. உள்ள கொளஞ்சி முகம் வெளுத்துக்கிட்டே வருது. அவன் கன்னத்து வழியா மீன் நீந்துறது தெரியுது.

"தொறந்து விடுக்கா..."

ஓடுனா நிழலாண்டிகிட்ட. அவன் பல்லக் காட்டுனான்.

"பொழுது சாஞ்சா உன் தம்பி வெறும் நிழல்தான். வாய்க்கால் வெட்டுனவனே தன் கையால அள்ளி வாயில வச்சாத்தான் தோல் கிழியும். எந்த ராஜாடி தன் சாக்கடையத் தானே குடிப்பான்?"

செங்கேணி திரும்பி ஓடுனா. நேரா கரைக்கு வந்தா. அன்னிக்கு சாயங்காலம் ராஜாவோட புதுக் கப்பல எறக்குறாங்க. தள்ளுறதுக்கு மீனவங்கதான் வந்திருக்காங்க. அவங்க காதுல ஏதோ சொன்னா. தோள் கொடுத்தவங்க எல்லாரும் கைய எடுத்துட்டாங்க.

"என்னய்யா, தள்ளுங்க!"ன்னாரு ராஜா.

செங்கேணி முன்னாடி வந்தா. "கப்பல் யாருது ராஜா?"

"என்னுது!"

"அப்ப நீங்கதான் ஒரு கை வாயில வைக்கணும். இல்லன்னா எங்காளுங்க தள்ளமாட்டாங்க. சும்மா பளிங்குத் தண்ணிதான? பயமா இருக்கா?"

"எனக்கா பயம்? இத ஒரு கொடமே குடிப்பேன்!"

கூட்டத்துல நின்ன நிழலாண்டி அலறுனான்: "வேணாம் ராஜா! வேணாம்!"

"ஏன்டா? சுத்தம்னு நீதான சொன்ன?"

குனிஞ்சாரு. அவரு கை மட்டும் வெண்ணெய்க்குள்ள போற மாதிரி உள்ள போச்சு. அள்ளுனாரு. வாயில வச்சாரு.

அப்புறம் அந்த மூஞ்சி போன போக்க நான் சொல்லமாட்டேன், நீங்க சாப்பிடுற நேரமா இருக்கும்.

துப்புனாரு. சர்ர்ருன்னு தோல் கிழிஞ்சுது. கறுப்புத் தண்ணி பொங்குச்சு, ஊரே மூக்கப் பொத்துச்சு. அந்தக் கறுப்புலேருந்து ஒரு கை நீண்டுச்சு. செங்கேணி பிடிச்சு இழுத்துப் போட்டா. கொளஞ்சி இருமிக்கிட்டே, "இனிமே ருசி பாக்குறேன்க்கா"ன்னான்.

கிழிஞ்ச தோல் சுருண்டு வந்து நிழலாண்டி மேல ஒட்டிக்கிச்சு. பளபளன்னு நின்னான். உள்ளேருந்து டக், டக், டக். யாரும் தொறக்கல.

ராஜா வாயக் கழுவிட்டு வாய்க்கால அடைச்சாரு. பட்டறைக்காரங்க கழிவத் தெளிய வச்சு, வடிகட்டித்தான் விடணும்னாரு. துறைமுகத்துக் காவலுக்கு செங்கேணியப் போட்டாரு. அவ வச்ச சட்டம் ஒண்ணே ஒண்ணு: கடல்ல எத ஊத்துறதா இருந்தாலும், மொதல் கை ஊத்துறவன் வாய்க்கு.

அப்புறம் எவனும் ஊத்தல. நண்டு மட்டும் இன்னும் பக்கவாட்டுலதான் நடக்குது. அதுக்கு இன்னும் நம்பிக்கை வரல போல.