பத்துத் தேக்கிலையும் முள்ளியின் முதுகும்

ஈச்சங்குளத்துக் காட்டு விலங்குகளுக்கு மார்கழி வந்துவிட்டால் கால் ஓரிடத்தில் நிற்காது. குளத்துக்கு மேலே கூனன்மலை இருக்கிறது. அதன் உச்சியில் அந்த மாதம்தான் நெல்லிக்காய் திரளும். பத்து நாள் விடுமுறை. நெல்லிக்காய் தின்பது, புல்லில் புரள்வது, அங்கே வராதவர்களைப் பற்றிப் பேசுவது. இதைத் தவிர வேறு வேலை கிடையாது.

ஒரே ஒரு தொல்லை, கூனன்மலையின் வானம். காலையில் சிரிக்கும், மதியம் எரிக்கும், சாயங்காலம் யாரோ திட்டியதுபோல் அழும். அதனால் என்ன கட்டிக்கொண்டு போவது என்று கடமான் கொம்பையா வருஷாவருஷம் உத்தரவு போடுவார். ஏன் அவர்? காட்டிலேயே பெரிய கொம்பு அவருக்குத்தான். வேறு காரணத்தை யாரும் கேட்டதில்லை.

கொம்பையா பேசுவதற்கு முன் மூன்று முறை கனைப்பார். முதல் கனைப்பில் முயல்கள் உட்காரும். இரண்டாவதில் குரங்குகள் வாயை மூடும். மூன்றாவதில் தவளைகூட நிறுத்திவிடும்.

"ஹ்ஹும். ஹ்ஹும். ஹ்ஹும். போன வருஷம் மலையிலே பத்து நாளும் மழை. ஆகவே இந்த வருஷம் ஆளுக்குப் பத்துத் தேக்கிலை. குடை பிடிக்க. வேறு ஒன்றும் கூடாது. ஆளுக்கொரு சாமான் வந்தால் ஆளுக்கொரு பேச்சு வரும். அப்புறம் சண்டை வரும்."

மயில் சிங்காரம் கழுத்தை நீட்டி, இழுத்து இழுத்து ஆமோதித்தது. இந்த வாரத்தில் மூன்று தடவை ஆடியாகிவிட்டதாம், தான் ஆடிய பிறகு வானத்துக்கு வேறு வழியே இல்லையாம், மழை நிச்சயமாம். குளத்துக்கரைக்குப் புதிதாக ஒரு பெண்மயில் வந்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

பின்வரிசையில் முள்ளம்பன்றி முள்ளி மட்டும் கால்விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் மழை. சரி. ஆனால் போன வருஷம் எல்லோரும் எடுத்துப்போனது என்ன? தண்ணீர் நிரப்பிய சுரைக்குடுவை. ஏன்? அதற்கு முந்தின வருஷம் வெயில் வறுத்தெடுத்தது. அந்த வறுத்தெடுத்த வருஷம் எடுத்துப்போனது என்ன? மெத்தை மெத்தையாகக் காய்ந்த புல். ஏன்? அதற்கு முந்தின வருஷம் உறைபனி!

கொட்டுகிற மழையில், தலையில் தண்ணீர்க் குடுவையைச் சுமந்துகொண்டு பத்து நாள் நின்றதை முள்ளி மறக்கவில்லை. அப்போது பிடித்த இருமல் பங்குனி வரைக்கும் விடவில்லை. முதுகு முள்ளில் பாதி இருமி இருமியே உதிர்ந்துபோனது. இன்னொரு முறை அப்படி நனைந்து குளிரில் கிடந்தால், இருமுவதற்கு ஆள் இருக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணே, ஒரு சந்தேகம்" என்றாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கொம்பையாவிடம் சந்தேகம் கேட்கும் வழக்கமே அங்கே இல்லை.

"நாம ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்து வானத்துக்குத்தான் மூட்டை கட்டுறோம். இந்த வருஷத்து வானத்தை யாராவது பார்த்தோமா?"

கொம்பையா அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் இருந்த மரத்தைப் பார்த்தார். "கூட்டம் முடிந்தது" என்றார்.

மறுநாள் விடிந்ததும் குளத்தங்கரையில் மூட்டைச் சோதனை. குரங்கு வாலப்பன் மலைப்பாதை நுழைவாயிலில் நின்றான். மலைச்சாலைக் கொண்டைஊசி வளைவில் வளர்ந்தவன் அவன். பேருந்துக் கண்டக்டர்களின் பேச்சு அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வா வா, இலையைக் கையிலே எடுத்து வச்சுக்க. பத்து இருக்கா? உள்ளே போ, உள்ளே போ. வழியிலே நிக்காதே. ரைட்!"

முயல் பஞ்சி தன் மூன்று குட்டிகளோடு போனாள். நான்கு பேருக்கும் நாற்பது இலை. குட்டிகள் கண்ணுக்கே தெரியவில்லை, மூன்று இலைக்கட்டு தானாக நடந்துபோனதுபோல் இருந்தது. பிறகு முள்ளி வந்தாள்.

முள்ளம்பன்றி மூட்டை கட்ட முடியாது. எதைக் கட்டினாலும் முள் கிழித்துவிடும். அதனால் முள்ளி எல்லாவற்றையும் முதுகிலேயே குத்தி வைத்திருந்தாள். அடியில் மூன்றே மூன்று தேக்கிலை. அதன்மேல் முதுகு மறையக் காய்ந்த புல். நடுவில் ஒரு சின்னச் சுரைக்குடுவை. கழுத்தோரம் ஒரு துண்டு இஞ்சி.

"யம்மாடி, சந்தைக் கடையே நடந்து வருது, ஒதுங்கு ஒதுங்கு" என்றான் வாலப்பன். சிங்காரம் தோகையால் வாயை மூடிச் சிரித்தது. வைக்கோல் போரும் விடுமுறைக்கு வருகிறதா என்று பக்கத்திலிருந்த மைனாவிடம் விசாரித்தது.

கொம்பையா அருகில் வந்து முகர்ந்தார். புல்லையும் குடுவையையும் இஞ்சியையும் இங்கேயே இறக்கிவிட்டு, இன்னும் ஏழு இலை பொறுக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

முள்ளிக்கு வாயை அடக்க வராது. அவள் தலையை நிமிர்த்தினாள், இல்லாத கொம்பை ஒரு பக்கம் சாய்த்தாள், தொண்டையைச் செருமினாள்.

"ஹ்ஹும். ஹ்ஹும். ஹ்ஹும். போன வருஷம் பசித்தது. ஆகவே இந்த வருஷம் சாப்பிடுகிறேன்."

அச்சு அசல் கொம்பையாவின் குரல். பழக்கதோஷத்தில் முயல்குட்டிகள் மூன்றும் உட்கார்ந்துவிட்டன. வாலப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். பஞ்சி காதால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கொம்பையா சிரிக்கவில்லை. "மலைக்கு வா. உன்னை யார் தடுப்பது? ஆனால் குகையில் உனக்கு இடமில்லை."

சிரிப்பு நின்றது. கூனன்மலை உச்சியில் இருப்பது ஒரே குகை. அதைவிட்டால் மொட்டைப்பாறைதான்.

முள்ளி தலையைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்தாள். புல்லை இறக்கிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் நெஞ்சுக்குள் அந்தப் பழைய இருமல் லேசாகக் கிறீச்சிட்டது. அவள் கேட்காமலே முதுகு முள்ளெல்லாம் விறைத்து நின்றது.

"குகை உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே. புல் என்கிட்ட இருக்கட்டும்."

மலையேற்றம் தொடங்கியது. முள்ளியை இருபது அடி பின்னால் வரச் சொல்லிவிட்டார்கள். மழைக்கு அடையாளமே இல்லை. பத்து மணிக்கே பாறை சுட்டது. மதியத்துக்கு எல்லோருடைய நாக்கும் வெளியே தொங்கியது. தலைக்குமேல் பிடித்த தேக்கிலைகள் முதலில் சுருண்டன, பிறகு முறுகின, கடைசியில் தொட்டால் அப்பளம்போல் நொறுங்கின. முள்ளியின் மூன்று இலைகள் மட்டும் புல்லுக்கு அடியில், வெயில் படாமல் தூங்கின.

பாதி வழியில் வாலப்பன் நைசாகப் பின்தங்கினான். குடுவையில் ஓட்டை கீட்டை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வந்தானாம். முள்ளி குனிந்து காட்டினாள். அவன் நான்கு மடக்கு சோதித்தான்.

"ஓட்டை இல்லை" என்று வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினான்.

உச்சிக்குப் போனதும் மற்றவர்கள் குகைக்குள் நுழைந்தார்கள். வழக்கப்படி தலைவருக்கு உள்கோடி இடம். அதற்கு அடுத்து மயில், பிறகு குரங்கு. முயல்களுக்கு வாசல். சிறியவர்கள் வாசலில், பெரியவர்கள் உள்ளே. அதுவும் யாரும் காரணம் கேட்காத வழக்கம். முள்ளி கொஞ்ச தூரத்தில் விழுந்துகிடந்த ஒரு மரத்தின் அடியில் பள்ளம் பறித்து, மூன்று இலையையும் கூரையாகச் செருகி, புல்லை விரித்துப் படுத்தாள்.

நான்கு மணிக்கு மேற்கே கறுத்தது. அடுத்த நிமிஷம் ஆலங்கட்டி மழை. ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு.

குகையின் வாய் மேற்கைப் பார்த்தது. காற்று மழையை வாரி வாரி உள்ளே வீசியது. "இலையைப் பிடி!" என்று கொம்பையா உத்தரவு போட்டார். பிடித்தார்கள். கையில் காம்பு மிஞ்சியது. மற்றதெல்லாம் தூளாகி அவர்கள் தலையிலேயே கொட்டியது. மழைக்கென்று சுமந்து வந்த இலை, மழை வந்தபோது இல்லை.

மழை வந்த வேகத்தில் நின்றது. அதற்குப் பிறகுதான் குளிர்காற்று இறங்கியது. மலை அப்படியே விறைத்தது. நனைந்த உடம்பு, நனைந்த தரை. வாசலில் கிடந்த முயல்குட்டிகளின் மூக்கு நீலம் பாய்ந்தது. கடைக்குட்டி நடுங்குவதைக்கூட நிறுத்திவிட்டது.

பஞ்சி யாரிடமும் கேட்கவில்லை. மூன்றையும் வாயிலும் காலிலும் இழுத்துக்கொண்டு முள்ளியின் பள்ளத்துக்கு ஓடி வந்தாள்.

"முள்ளி, என்னை விடு. இதுங்களை மட்டும்…"

முள்ளி அவளை முடிக்க விடவில்லை. குட்டிகளைப் புல்லுக்குள் புதைத்தாள். இஞ்சியை மென்று கடைக்குட்டியின் வாயில் வைத்தாள். அது முகத்தைச் சுளித்தது. பிறகு தும்மியது. பிறகு, காரம் தாங்காமல் முள்ளியின் காலைக் கடித்தது. பஞ்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெளியே பெரிய நிழல் விழுந்தது. கொம்பையா நின்றார். கொம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவருக்குப் பின்னால் வாலப்பனும் சிங்காரமும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நடுங்கினார்கள். ஈரத்தில் சிங்காரத்தின் தோகை பழைய துடைப்பம் மாதிரி இருந்தது.

கொம்பையா கனைக்கப் பார்த்தார். மூன்றும் தும்மலாக வந்தன. எப்படியோ சமாளித்து, ஆபத்து நேரத்தில் எல்லாச் சாமானும் பொதுச் சாமான் என்றும், புல்லைத் தன்னிடம் ஒப்படைத்தால் முறைப்படி பங்கிடுவதாகவும் அறிவித்தார்.

முள்ளி பள்ளத்தைவிட்டு வெளியே வந்தாள். கொம்பையாவின் முழங்கால் உயரம்கூட இல்லை. எல்லா முள்ளும் நட்டுக்கொண்டு நின்றது.

"தரமாட்டேன்."

"என்ன சொன்னாய்?"

"உங்க கையிலே தரமாட்டேன்னு சொன்னேன். புல் எல்லாருக்கும்தான். நானே குகைக்குக் கொண்டு வர்றேன், நானே விரிக்கிறேன். ஆனா இன்னைக்கு உள்கோடி உங்களுக்கு இல்லை அண்ணே. அது குட்டிகளுக்கு. நீங்க வாசல்ல நிக்கணும்."

"நானா? வாசலிலா?"

"காத்து உள்ளே வந்து கொல்லுது. குகைவாயை அடைக்க ஒரு கதவு வேணும். இந்தக் காட்டிலே அந்த அளவுக்கு உடம்பு உங்க ஒருத்தருக்குத்தான் இருக்கு. இத்தனை வருஷமா அதை உள்ளே கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருந்தீங்க."

வாலப்பன் வாயைப் பிளந்தான். கொம்பையா அசையவில்லை. அவர் ஒரு காலைத் தூக்கி வைத்தால் முள்ளி நசுங்கிவிடுவாள். அவளுக்கும் தெரியும். அவள் நகரவில்லை.

கடைக்குட்டி புல்லுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ஹ்ஹும்" என்றது. தொண்டையில் இஞ்சி.

கொம்பையா திரும்பினார். குகைவாசலுக்குப் போய், காற்றுக்கு முதுகைக் காட்டி, குறுக்காக நின்றார். முள்ளி அவரைக் குனியச் சொல்லி, தன் மூன்று இலைகளையும் அவர் கொம்பில் குத்தி, மேல் இடுக்கை அடைத்தாள். உள்ளே காற்று நின்றது. ஈரத்தரையில் புல் விரிந்தது. குட்டிகள் உள்கோடியில் தூங்கின. சூரியன் மறைகிற நேரத்தில் கொம்பையா, யாரையும் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார்:

"போன வருஷத்து மழைக்குப் போய்…"

முள்ளி குட்டிகள்மேல் இன்னும் கொஞ்சம் புல்லை இழுத்துவிட்டாள். அந்த முறை அவளுக்கு இருமல் வரவே இல்லை.

அடுத்த மார்கழி வந்தது. குளத்தங்கரைக்கு வந்த முள்ளி அப்படியே நின்றுவிட்டாள்.

எல்லோருடைய முதுகிலும் முள்! அவள் வருஷமெல்லாம் உதிர்த்த முள்ளைப் பொறுக்கி, வாழைப்பட்டையில் செருகி, முதுகில் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முதுகிலும் மூன்று இலை, புல், ஒரு குடுவை, ஒரு துண்டு இஞ்சி. சிங்காரம் தோகையை விரிக்கப்போய்த் தன்னையே குத்திக்கொண்டு அலறியது. வாலப்பன் வாசலில் நின்று, "முள்ளு இருக்கா? உள்ளே போ" என்று கத்திக்கொண்டிருந்தான்.

கொம்பையா பெருமையோடு முன்னால் வந்தார். அவர் முதுகிலும் பட்டை. "ஹ்ஹும். போன வருஷம் முள்ளி கொண்டுவந்தது சரியாக இருந்தது. ஆகவே இந்த வருஷம்…"

முள்ளிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது.

"அண்ணே, இதுவும் போன வருஷத்து மூட்டைதான். கட்டினது நான்ங்கிறதாலே அது இந்த வருஷத்து மூட்டை ஆயிடுமா?"

கொம்பையாவின் காது தொங்கியது. "அப்படியானால் என்னதான் எடுத்து வருவது? நீயே சொல்லிவிடேன்."

"சொல்லமாட்டேன். நான் சொன்னா அதுவும் உத்தரவு ஆயிடும். தலையைத் தூக்கி மேலே பாருங்க. அப்புறம் உங்க உங்க உடம்பைக் கேளுங்க."

சொல்லிவிட்டு, யாருக்கும் காத்திருக்காமல் மலைப்பாதையில் ஏறத் தொடங்கினாள். பின்னால் கனைப்புச் சத்தம் கேட்கவில்லை. பட்டைகள் தரையில் விழும் சத்தம் கேட்டது. வடக்கே மேகம் சிவந்திருக்கிறதே என்றாள் பஞ்சி. தனக்குப் புல் எதற்கு, தோகையே போர்வைதானே என்றது சிங்காரம். தன் கொம்பில் எட்டுக் குடுவை தொங்குமே, எல்லோர் தண்ணீரையும் தானே சுமக்கலாமே என்றார் கொம்பையா, ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர்போல. ஆளுக்கொரு பேச்சு வந்தது. கொஞ்சம் சண்டையும் வந்தது. ஒருவரும் செத்துப்போகவில்லை.

ஆகவே, யார் எத்தனை முறை கனைத்தாலும் சரி, போன வருஷத்து வானத்துக்கு மூட்டை கட்டாதீர்கள். நிமிர்ந்து பார்த்து, உங்களுக்கு வேண்டியதை நீங்களே முடிவு செய்யுங்கள்.