வெள்ளத்தில் இறங்கிய இளவரசன்

இந்தக் கூத்தைக் கேளுங்கள். ஒரு நாவலில் வஞ்சிக்கொடி என்ற ஓடக்காரர் மகள் வெள்ளத்தில் குதிரையை இறக்கி, அடித்துச் செல்லப்பட்ட இளவரசனைக் கரை சேர்ப்பாள். அதைப் படமாக எடுத்த இயக்குநர் பராங்குசமோ கதையைப் புரட்டிவிட்டார். அவள் மயங்கி ஆற்றில் விழுவாளாம், இளவரசன் குதிரையில் வந்து காப்பாற்றுவானாம்.

மயங்கி விழும் காட்சியில் கதாநாயகிக்கு டூப்பாக வந்த ரோசலினுக்கு ஒரு சந்தேகம். "ஏன் சார் மாத்திட்டீங்க? புக்குல அவதானே காப்பாத்துவா?"

"ஒரு பொம்பளை வெள்ளத்துல குதிரை ஓட்டினா எவன்மா நம்புவான்?"

குதிரையைக் கண்டதும் கதாநாயகனுக்குத் திடீரென்று இடுப்புவலி வந்துவிட்டது. அவருடைய டூப்பும் வரவில்லை. வெள்ளம் வடிவதற்குள் எடுத்தாக வேண்டும். ரோசலின் குதிரை ஓட்டுவாள் என்று யாரோ சொல்ல, பராங்குசம் கத்தினார்: "அவளுக்கே மீசையை ஒட்டுங்கய்யா!"

வஞ்சிக்கொடிக்குப் பதில் ஒரு பொம்மையை மிதக்க விட்டார்கள். ரோசலின் குதிரையோடு வெள்ளத்தில் பாய்ந்து, பொம்மையை அள்ளிக்கொண்டு கரையேறினாள். வேடிக்கை பார்த்த ஊரே விசிலடித்தது.

"பிரமாதம்! எல்லாரும் அப்படியே நம்பிட்டாங்க பாத்தியா?" என்று துள்ளினார் பராங்குசம்.

ரோசலின் மீசையைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள்.

"பொம்பளை ஓட்டினா நம்ப மாட்டாங்கன்னீங்களே சார். அப்போ இவ்வளவு நேரம் குதிரை ஓட்டினது இந்த மீசையா?"