கயிற்றில் குங்குமம்

நிஷியோகாவைத் தணிகாசலம் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓசூர் பிரேக் தொழிற்சாலையில், ஆயுத பூஜைக்கு மறுவாரம்.

தரம் சொல்லிக்கொடுக்க ஜப்பானிலிருந்து வந்தவர் நிஷியோகா. அன்று ஊர் திரும்புகிறார். வாசலில் கார் நின்றது.

உற்பத்தி மேலாளர் தணிகாசலம் விடவில்லை.

"போறதுக்குள்ள ஒரு வழி சொல்லுங்க சார். இன்னொரு தடவை பழுதான சாமான் திரும்பி வந்தா ஆர்டர் போச்சு. இந்த லைனையே மூடிடுவாங்க. இத்தனை பேர் எங்க போவாங்க?"

நிஷியோகா அண்ணாந்து பார்த்தார்.

உற்பத்தி லைன் நெடுக மஞ்சள் கயிறு தொங்கியது. பழுதைக் கண்டவர் அதை இழுக்க வேண்டும். இழுத்தால் மணி அடிக்கும், லைன் நிற்கும்.

கயிற்றுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மாலையும் போட்டிருந்தார்கள். மாலை காய்ந்துபோயிருந்தது.

"கும்பிடறாங்க. இழுக்கத்தான் மாட்டேங்கறாங்க." தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டார். "உங்க ஊர்ல இழுக்கறாங்களே சார்!"

போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த முனிலட்சுமி திரும்பாமலே சொன்னாள்: "இழுத்தா எனக்கு முன்னாடி அந்தச் சாமான்ல வேலை செஞ்ச ஆளு மாட்டிக்குவாரு சார். நாங்களே அரத்தால ராவிச் சரிபண்ணித் தள்ளிவிட்டுடறோம்."

"கேட்டீங்களா? இதுதான் இவங்க புத்தி!"

நிஷியோகாவுக்குத் தமிழ் மெதுவாகத்தான் வரும். "யாராவது இழுத்தால், நீங்க என்ன சொல்வீங்க?"

"நன்றி சொல்வேன். போர்டே மாட்டியிருக்கேன், பாருங்க."

போர்டு இருந்தது. ‘கயிற்றை இழுப்பவருக்கு நன்றி’ என்று பெரிய எழுத்து.

செல்போன் அடித்தது. ஆர்டர் கொடுத்தவர். தணிகாசலம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"கண்டிப்பா சார்... இன்னைக்கே அனுப்பிடறோம் சார்..."

மணி அடித்தது. லைன் நின்றது.

"எந்த மடையன்டா அது?"

கத்திக்கொண்டே திரும்பினார்.

எல்லோரும் குனிந்து நின்றார்கள். முனிலட்சுமி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

நிஷியோகா கயிற்றை விட்டார். உள்ளங்கையெல்லாம் குங்குமம். இடுப்பு வரை வளைந்து வணங்கினார்.

"அந்த மடையன் நான்தான்."

தணிகாசலத்தின் போனில் ஆர்டர் கொடுத்தவர் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நிஷியோகா கை கழுவாமலே காரில் ஏறிப் போனார். தை மாதம் அவர் ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தது.

போர்டைத் தணிகாசலமே கழற்றினார்.

லைன் ஓடுகிறது. அவ்வப்போது நிற்கிறது.

கயிறும் இருக்கிறது. கை படும் இடத்தில் மஞ்சள் போய், மசகு ஏறிக் கறுத்திருக்கிறது.