ஆட்காட்டி வயிறு நனைத்த கதை

அந்தக் காலத்தில் பறவைக்கும் மலைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான். அப்போது கண்மாய்ப் பொட்டலில் ஓர் ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. அதற்குக் கூடு கட்டத் தெரியாது. வெறும் தரையில்தான் முட்டை. அந்த வருஷமோ தரை கால் வைக்க முடியாமல் கொதித்தது. முட்டைகள் வெந்துவிடுமோ என்று குருவிக்கு நெஞ்சு பதறியது.

சூரியனிடம் பறந்து போய், "ஐயா, தீயைக் கூட்டிட்டீங்களா?" என்று கேட்டது.

"எனக்கும் ஏற்ற இறக்கம் உண்டு தாயீ. ஆனா இப்போ கூட்டல," என்றது சூரியன்.

கடலுக்கு அப்பாலிருந்த நெருப்புமலையைக் கேட்டது. "நானும் புகை கக்கினவன்தான். இப்போ தூங்கிக் கிடக்கேன். உன் ஊர்ப் பக்கம் பாரு," என்றது மலை.

திரும்பும்போதுதான் கவனித்தது. உலகம் குளிராமல் இருக்க வானம் போர்த்தியிருந்த மெல்லிய போர்வை, புகை ஏறி ஏறித் தடித்துப் போயிருந்தது. தரைச்சூடு வெளியேற வழியில்லை.

பொட்டலை ஒட்டிக் கரி சுடுகிறவன் சேவுகன். விறகை அடுக்கி, மண் பூசி, மூட்டம் போடுவான். ஒரு மூட்டம் ஆறிய பிறகே அடுத்ததற்குத் தீ வைப்பது கரி சுடுகிறவர்கள் வழக்கம். அன்றோ மூன்று மூட்டங்கள் ஒன்றாகப் புகைந்தன. நாலாவதற்குக் கொள்ளியோடு நின்றான்.

"அண்ணே, வேணாம்ணே! பழசு ஆறட்டும். எம்புள்ளைக வெந்துரும்!"

சேவுகன் கெட்டவன் இல்லை. முட்டைகளைப் பார்த்து, "அடப் பாவமே" என்றான். "ஆனா தாயீ, ஊரே மூட்டம் போடுது. நான் ஒருத்தன் நிறுத்தினா வானம் குளுந்துருமா? இது ஒண்ணு மட்டும்."

கொள்ளியை வைத்தான். ஊரில் ஒவ்வொருவரும் அதையேதான் சொல்லிக்கொண்டு வைத்தார்கள்.

குருவி கத்தியது. கத்திக் கத்தித் தொண்டை கிழிந்து, வார்த்தையெல்லாம் போய், வெறும் சத்தம் மிஞ்சியது. ஓடி வந்து பார்த்தால் மூன்று முட்டைகள் வெந்து கிடந்தன. நான்காவதில் மட்டும் லேசான அசைவு. கண்மாயில் மிச்சமிருந்த தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து அதன்மேல் உட்கார்ந்தது. காய்ந்ததும் மறுபடி ஓடியது.

அன்று முதல்தான் ஆட்காட்டி வயிற்றை நனைத்து முட்டையைக் குளிர வைக்கிறது, மனிதத் தலை தெரிந்தாலே விடாமல் கத்துகிறது. நாமோ, குருவிக்கு நம்மிடம் என்ன பயம் என்று கேட்டுக்கொண்டே கொள்ளியோடு நடக்கிறோம்.