வேகத்துக்குப் பேரம் பேசிய தரகர்கள்

அரைக்கல்பாளையத்து மாட்டுத் தரகன் சென்னியப்பன் தன் வாழ்நாளில் யார் சொன்ன முதல் எண்ணையும் ஒப்புக்கொண்டதில்லை. மாட்டுக்கு விலை சொன்னால் குறைத்துக் கேட்பது தொழில், அதை விடுங்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா காய்ச்சல் நூற்றிரண்டு என்றபோது, நூறு என்று ஆரம்பித்து நூற்றொன்றில் முடித்த பிறகுதான் ஊசிக்குக் கையை நீட்டினான்.

முன்கோபக்காரன் வேறு. பேரம் படியவில்லை என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பத்தடி நடந்துவிடுவான். எதிராளி கூப்பிடுவான் என்று காத்து நிற்பான். கூப்பிடவில்லை என்றால் அவனே திரும்பி வந்து, "இவ்வளவு கெஞ்சறதால சொல்றேன்" என்று மறுபடி தொடங்குவான்.

அவனுக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர். நாச்சிமுத்து எதையும் வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் பேசுவான். அதனால் அவனை அறிவாளி என்று மற்ற இருவரும் நம்பினார்கள். அர்த்தநாரி யோசிக்கவே மாட்டான். அதனால் அவனைச் சுறுசுறுப்பானவன் என்று நம்பினார்கள்.

மூன்று பேரும் சேர்ந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். வாங்கும்முன் முறைப்படி சோதித்தார்கள். நாச்சிமுத்து பெட்ரோல் மூடியைத் திறந்து வாய்நாற்றம் பார்த்தான். அர்த்தநாரி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, உதைக்கிறதா என்று கால்மணி நேரம் காத்திருந்தான். உதைக்கவில்லை. "சாதுவான உருப்படி," என்று முடித்துக்கொண்டார்கள்.

லைசென்ஸ் எடுக்கப்போன இடத்தில் எட்டுப் போடச் சொன்னார்கள். சென்னியப்பன் ஆறுக்குக் கேட்டான். அதிகாரி மசியவில்லை. "சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், ஏழு," என்று ஓர் ஏழு போட்டுக் காட்டிவிட்டு வந்தான். லைசென்ஸ் வரவில்லை. நாலாம் முறை ஆத்திரத்தில் அதிகாரியைத் திட்டிக்கொண்டே மைதானத்தைச் சுற்றியதில், அவனுக்குத் தெரியாமலே ஓர் எட்டு விழுந்துவிட்டது.

வெளியூர்களில் இத்தோடு பிரச்சினை தீர்ந்திருக்கும். அரைக்கல்பாளையத்தில் பாவாயி இருந்தாள்.

பாவாயி சென்னியப்பனின் மனைவி. போன வருஷம் அவள் தம்பி மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து, மூன்று மாதம் காலைத் தொங்கவிட்டுக் கட்டிலில் கிடந்தான். வியாழக்கிழமை காலை சந்தைக்குக் கிளம்பிய வண்டியின் முன்னால் அவள் பால் குண்டாவோடு வந்து நின்றாள்.

"இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. பொழுது சாயறதுக்குள்ள நீங்க மூணு பேரும், இந்த வண்டியும், ஒரு கீறல் இல்லாம வந்து சேரணும். வந்தா வண்டி இந்த வாசல்ல நிக்கும். எங்காச்சும் ஒரு சிராய்ப்பு பாத்தேன்னா நாளைக்கே வித்துப்போட்டு, பழையபடி நடந்து போங்க."

"பொழுது சாய்ஞ்சு வெளக்கு வெக்கற நேரம்," என்றான் சென்னியப்பன்.

"பொழுது சாயறதுக்குள்ள."

சென்னியப்பன் துண்டை உதறிவிட்டுப் பத்தடி நடந்தான். பாவாயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. கருங்கோட்டைச் சந்தைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். இருபது வருஷமாக மாடுகளுக்குப் பின்னால் நடந்து நடந்து அவன் குதிகால் வெடிப்பில் ஒரு நாலணாவைச் செருகி வைக்கலாம். வண்டி போய்விட்டால் மிச்சக் காலமும் நடைதான்.

கூட்டுரோட்டில் போக்குவரத்து எஸ்.ஐ. மரகதம் கையைக் காட்டினாள். வண்டியில் மூன்று பேர். தலையில் மூன்று துண்டுகள்.

"ஏய்யா, உசுரு மேல ஆசை இல்லையா? ரெண்டு பேருக்கு மேல ஏறக்கூடாதுன்னு தெரியாது?"

"ரெண்டே முக்காலுக்கு முடிச்சுக்கலாமுங்க அம்மணி," என்றான் சென்னியப்பன். "இவன் ஒல்லி. முக்காலுக்கு மேல வரமாட்டான்."

அர்த்தநாரி மூச்சை உள்ளே இழுத்து முக்காலாக நின்று காட்டினான்.

சென்னியப்பன் சந்தை வழக்கப்படி துண்டை விரித்து நீட்டினான். துண்டுக்கடியில் கையைவிட்டு, விரலைப் பிடித்து, வெளியே தெரியாமல் விலை பேசுவது தரகர்கள் மரபு. எஸ்.ஐ. அந்தத் துண்டைப் பார்த்த பார்வையில் அது தானாகவே மடிந்து அவன் தோளில் ஏறிக்கொண்டது.

"நல்லா கேட்டுக்கங்க. ரெண்டே பேரு. ரெண்டு பேருக்கும் ஹெல்மெட். அதோ போர்டுல நாப்பதுன்னு போட்டிருக்கு பாருங்க, அந்த வேகத்தைத் தாண்டக்கூடாது. முன்னால போறவங்களுக்கும் உங்களுக்கும் நடுவுல எப்பவும் இடைவெளி இருக்கணும். அவங்க திடீர்னு நின்னா நீங்க பிரேக் போட எடம் வேணுமில்ல? முக்காவாசி விபத்து இதுலதான் நடக்குது. போங்க, வாங்கி மாட்டிக்கிட்டு வாங்க."

ஹெல்மெட் கடைக்காரர் நாடாவை எடுத்துச் சென்னியப்பன் தலையைச் சுற்றி அளந்தார்.

"அம்பத்தெட்டுங்க."

"அம்பது."

"அண்ணா, இது வெலை இல்லீங்க. உங்க தல அளவு."

"எதா வேணா இருக்கட்டும். மொதல்ல சொன்னதுக்கு முடிக்கற வழக்கமே எங்க பரம்பரையில கெடையாது."

"தல உள்ள போகணுமுங்களே!"

"அது என் தல. நான் பேசிக்கறேன். அம்பத்திரண்டு."

கடைக்காரருக்கு வேறு வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். ஐம்பத்துநாலில் முடிந்தது. நாச்சிமுத்து தாடையைப் பிடிக்க, அர்த்தநாரி ஸ்டூல் மேல் ஏறி உச்சியில் உட்கார, ஹெல்மெட் 'டொப்' என்று இறங்கியது. சென்னியப்பனின் இரண்டு கன்னங்களும் நடுவில் வந்து மூக்கை விசாரித்தன. நாச்சிமுத்து வெகுநேரம் யோசித்துவிட்டு, சொன்ன அளவுக்கே வாங்கிக்கொண்டான். "ஏமாளி," என்றான் சென்னியப்பன். உள்ளிருந்து அது "ஏவாவி" என்றுதான் வெளியே வந்தது. அதன்பிறகு அவன் பேசியதெல்லாம் அப்படித்தான் வந்தது, பழகிய கூட்டாளிகளுக்கு மட்டும் புரிந்தது.

இப்போது அர்த்தநாரியை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், முன்னால் சாலை காலியாகக் கிடந்தது.

"முன்னால போறவங்களுக்கும் நமக்கும் எப்பவும் இடைவெளி இருக்கணும்னாங்க," என்றான் சென்னியப்பன். "முன்னால ஒருத்தனையும் காணோமே. யாரைப் பாத்து இடைவெளி விடறது?"

நாச்சிமுத்து யோசித்தான். எதிர்த்திசையில் மூன்று லாரிகள் கடந்து போயின. நாலாவது லாரிக்கு வாய் திறந்தான். "அர்த்தநாரி முன்னால நடக்கட்டும்."

ஒரே யோசனையில் இரண்டு சட்டமும் காப்பாற்றப்பட்டது. அர்த்தநாரி பெருமையோடு நடுச்சாலையில் நடக்க ஆரம்பித்தான். வண்டி பின்னால் வந்தது. அவன் திடீரென்று நின்றால் இவர்களும் நிற்க வேண்டும் என்பதால், அர்த்தநாரி பொறுப்பாக அடிக்கடி திடீரென்று நின்றான்.

வேகப் பலகையை நெருங்கியதும் சென்னியப்பன் வண்டியை நிறுத்தினான்.

"நாப்பதுங்கறான். அது அவன் சொல்ற வெலை."

"அண்ணா," என்றான் நாச்சிமுத்து, "நாம வேகத்த வாங்கறமா, விக்கறமா? வாங்கறதா இருந்தா குறைக்கணும். விக்கறதா இருந்தா ஏத்தணும்."

இது சாதாரணக் கேள்வி இல்லை. மூன்று பேரும் பலகை நிழலில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள்.

"வேகம் நம்ம வண்டியில இருந்து வருது. அப்ப நம்ம சரக்கு," என்றான் அர்த்தநாரி.

"ரோடு அவனோடது. ரோடு இல்லாம வேகம் ஏது? அப்ப அவன் சரக்கு," என்றான் நாச்சிமுத்து.

"வாங்கறோம்," என்று தீர்ப்புச் சொன்னான் சென்னியப்பன். எழுந்து பலகையின் முன் நின்றான். "இருவது!"

பலகை பேசவில்லை.

"பதினெட்டு! வாய தொறக்கறானா பாரு. பழம் தின்னு கொட்டையும் போட்ட வியாபாரி போல இருக்கு."

சென்னியப்பன் துண்டை உதறிப் பத்தடி நடந்தான். பலகை கூப்பிடவில்லை. வெயில் ஏறியது. திரும்பி வந்தான். "இவ்வளவு கெஞ்சறதால சொல்றேன். அஞ்சு. அதுக்கு மேல ஒரு பைசா நகரமாட்டேன்." பலகை அதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. மறுப்பு இல்லை என்றால் பேரம் முடிந்தது.

"நாப்பத அஞ்சுக்கு முடிச்சிருக்கீங்களேண்ணா!" என்று நாச்சிமுத்து மலைத்துப்போனான்.

மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓடாது. கள் குடித்த மாதிரி ஆடும். பின்னால் ஒரு மைல் தூரத்துக்கு லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடித்தன. வழிவிடச் சொல்கிறார்கள் என்று இவர்களுக்குத் தோன்றவில்லை. "நம்ம வெலையக் கேட்டு வயிறெரியறானுக," என்றான் சென்னியப்பன்.

அப்போது அர்த்தநாரி இன்னொரு முறை திடீரென்று நின்றான். சென்னியப்பன் பிரேக்கை அழுத்தினான். நகராத வண்டிக்குப் பிரேக் போட்டால் என்ன ஆகும்? பக்கவாட்டில் சாய்ந்தது. சாலையோரம் ஒரு புண்ணியவான் தோட்டத்துக்குக் கொட்டிவைத்திருந்த சாணிக் குவியலுக்குள் வண்டியும் இரண்டு பேரும் முழுசாகப் போனார்கள்.

"கீறல் இருக்குதா பாரு! கீறல் இருக்குதா பாரு!" என்று சாணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அர்த்தநாரி வழித்து வழித்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. "சாணி கணக்குல வராதில்லீங்ண்ணா?"

"பாவாயி அக்கா சாணியப் பத்திப் பேசவே இல்ல," என்றான் நாச்சிமுத்து.

சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது சந்தை கலைந்து, மணி மூன்றாகியிருந்தது. வைக்கோல் போர்களும் சுமை தூக்குகிறவர்களும்தான் மிச்சம். பன்னிரண்டு கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும். வழியெல்லாம் சாணிக் குவியல் இருக்கும் என்பது நிச்சயமில்லை.

நாச்சிமுத்து யோசித்தான். "அண்ணா, விழறதத் தடுக்க முடியாது. ஆனா எங்க போனாலும் சாணி மாதிரி மெத்துனு ஒண்ணு நம்ம கூடவே வந்தா?"

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. வைக்கோலைப் பிரியாகத் திரித்து வண்டியைச் சுற்றினார்கள். அதன்மேல் இரண்டு பேரும் ஏறி உட்கார, அர்த்தநாரி அவர்களையும் சேர்த்துச் சுற்றினான். சுற்றுகிற ஜோரில், கடைசி நாலு சுற்றில் தன்னையும் உள்ளே வைத்துக் கட்டிவிட்டான். வெளியே பார்த்தால் அது ஒரு பெரிய வைக்கோல் கட்டு. உள்ளே சென்னியப்பன் தன் கையைத் தேடினான். கை கிடைத்தது, சாவி எட்டவில்லை.

சந்தை நாள்தோறும் பாவாயி வீட்டு மாடுகளுக்கு வைக்கோல் லோடு போவது வழக்கம். அந்த லோடுதான் இது என்று சுமைக்காரர்கள் ஆறு பேர் வந்து கட்டைப் பிடித்தார்கள்.

"என்னடா இந்தக் கனம் கனக்குது?"

"நனைஞ்ச வைக்கோலா இருக்கும்."

"மூட்ட மொனகுதுடா!"

"நீ மொனகாம தூக்குடா!"

பலகை வைத்து உருட்டி லாரியில் ஏற்றினார்கள். லாரி கிளம்பியது.

"அண்ணா, வண்டி நகருது!" என்றான் அர்த்தநாரி.

"சாவியே போடலியேடா."

"மீட்டர் என்னங்ண்ணா காட்டுது?"

சென்னியப்பன் வைக்கோலை மூக்கால் விலக்கிப் பார்த்தான். "ஜீரோ."

மூன்று பேரும் வைக்கோல் இடுக்கில் மூக்கை நீட்டிக் காற்று வாங்கினார்கள்.

"அஞ்சுக்கு முடிச்சத ஜீரோவுக்கே கொண்டுவந்துட்டீங்களேண்ணா!" என்றான் நாச்சிமுத்து. "ஜீரோவுலயே இந்தக் காத்து அடிக்குதே!"

பொழுது சாய இன்னும் ஒரு பனைமர உயரம் இருந்தபோது லாரி பாவாயி வாசலில் கட்டை உருட்டி இறக்கிவிட்டுப் போனது. பாவாயி ஒரு பசுவை அவிழ்த்து விட்டாள். பசு நாலு வாய் இழுத்தது. உள்ளிருந்து ஹெல்மெட் போட்ட ஒரு முகம் எட்டிப் பார்த்து, "பொவுது வாயலையே?" என்று கேட்டது. பசு கயிற்றோடு ஓடிவிட்டது.

பாவாயி அவர்களைப் பிரித்தெடுத்தாள். விளக்கெண்ணெய் ஊற்றி ஹெல்மெட்டை உருவினாள். பிறகு வண்டியைக் கழுவி, மூன்று தரம் சுற்றி வந்து பார்த்தாள். மூன்று பேரையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"சரிங்க. வண்டி இருக்கட்டும்," என்றாள். பால் கறக்கப் போய்விட்டாள்.

சென்னியப்பன் முகம் கறுத்தது.

"என்னங்ண்ணா, ஜெயிச்சுட்டமே?"

"ஒரே பேச்சுல சரின்னுட்டாளேடா. சந்தையில ஒருத்தன் எடுத்த எடுப்புல சரின்னா என்னடா அர்த்தம்?"

"மாட்டுல கோளாறு," என்றான் அர்த்தநாரி.

"இல்லாட்டி நாம ஏமாந்துட்டோம்," என்றான் நாச்சிமுத்து.

மூன்று பேரும் வண்டியைச் சுற்றித் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். சென்னியப்பனால் பொறுக்க முடியவில்லை. எழுந்து தொழுவத்துக்குப் போனான்.

"பாவாயி, ஒரே ஒரு தடவ வேண்டாம்னு சொல்லு. நான் பேசி வாங்கிக்கறேன்."

"நாந்தான் இருக்கட்டும்னுட்டனே!"

"சும்மாவாச்சும் சொல்லு."

"வேற சோலி இல்லீங்களா உங்களுக்கு?"

கோபம் தலைக்கேறியது. மாடத்தில் கிடந்த லாட ஆணியை எடுத்துக்கொண்டு வந்தான். பெட்ரோல் டாங்க்கில் தொடங்கிப் பின்விளக்கு வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தான். சத்தம் கேட்டுப் பாவாயி பால் சொம்போடு ஓடி வந்தாள். கீறலைப் பார்த்தாள்.

"நாளைக்கே இத வித்துப்போடுங்க! நடந்தே போங்க!"

சென்னியப்பன் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் பேச்சு வழிக்கு வந்திருக்கு," என்று துண்டை விரித்தான்.

பாவாயி சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் துண்டுக்கடியில் கையை விட்டாள். விரல்கள் பேசின. சென்னியப்பனுக்கு வியர்த்தது. பாவாயிக்கு வியர்க்கவில்லை. கடைசியில் இரண்டு கைகளும் குலுங்கின. பேரம் நடுவில் முடிந்தது: வண்டியை விற்க வேண்டியதில்லை, வாசலிலேயே நிற்கும், சென்னியப்பன் மட்டும் சந்தைக்கு நடந்து போவான்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவன் கூட்டாளிகளிடம் வந்து நிமிர்ந்து நின்றான்.

நாச்சிமுத்து வெகுநேரம் யோசித்தான். அவன் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"ஒரே ஒரு கீறலக் குடுத்து, ஒரு முழு வண்டியவே வாங்கிட்டீங்களேண்ணா!"