செத்த கம்பி

“சூரியன் கூரை மேல நின்னு எரியுது. தகடு நம்மது. பெட்டி நம்மது. லைன்ல கரண்ட் இல்லைன்னா நம்ம பெட்டி எதுக்கும்மா சாகணும்?”

செண்பகராமன் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

கோமதியம்மை கயிற்றை இழுத்து, கிணற்றிலிருந்து வாளியைத் தூக்கினாள். குடத்தில் ஊற்றினாள். மறுபடியும் வாளியை உள்ளே விட்டாள்.

அவள்தான் அந்த மடத்தின் தலைவி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. செண்பகராமனுக்கு அறுபது தாண்டிவிட்டது. நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மனசு அடங்க வேண்டும் என்று அவளிடம் சீடராக வந்து சேர்ந்தார். மற்றதெல்லாம் அடங்கியது. கோபம் மட்டும் அடங்கவில்லை.

மடத்தின் பின்கட்டில் நோயாளிகள் படுத்திருந்தார்கள். கேட்பாரற்றவர்கள், எழுந்து உட்காரவும் முடியாதவர்கள். முந்தின நாள் அடித்த சூறைக்காற்றில் மின்சாரக் கம்பி அறுந்து விழுந்தது. அப்போதிலிருந்து மின்விசிறி சுற்றவில்லை. மோட்டார் ஓடவில்லை. தொட்டி காய்ந்துவிட்டது.

கூரையில் சோலார் தகடுகளை முன்னின்று போட்டவரே செண்பகராமன்தான். அதை லைனோடு இணைக்க மின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். இணைத்துக் கொடுத்தார்கள். மடத்தின் தேவைக்குப் போக மிஞ்சும் கரண்ட் லைனுக்குப் போகும். ஆனால் லைன் செத்தால் இன்வெர்ட்டர் பெட்டியும் தானாக அணைந்துவிடும். அதன் அமைப்பே அப்படி.

“நாம குடுத்தா வாங்கிக்கிடுதான். நமக்கு வேணுங்கையில கைய விரிக்கான். நேத்துலேர்ந்து போன் போடுதேன். ஒருத்தன் எட்டிப் பாக்கல.”

“அண்ணாச்சி, இந்தக் குடத்த உள்ள கொண்டு போங்க.”

“குடமா இப்ப முக்கியம்? மோட்டாரையே ஓட்டிக் காட்டுதேன், பாருங்க.”

குடத்தை அவளே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கொட்டகையில் ஒரு சின்ன ஜெனரேட்டர் கிடந்தது. மோட்டாரை இழுக்க அதற்குத் திராணி கிடையாது. ஆனால் லைன் உயிரோடு இருக்கிறது என்று பெட்டியை ஏமாற்ற அது போதும். செண்பகராமன் அதை வாசலுக்கு இழுத்து வந்தார். சுவிட்ச் பலகையில் வயரைச் செருகினார். முதலில் மெயின் சுவிட்சை இறக்கி, வெளி லைனிலிருந்து மடத்தைப் பிரிக்க வேண்டும். கைப்பிடி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. இழுத்துப் பார்த்தார். ஒரு குத்துவிட்டார். அசையவில்லை.

“கெடந்துட்டுப் போ, சனியனே.”

ஜெனரேட்டரை முடுக்கினார். வாசலே அதிர்ந்தது. அந்த வயருக்கான சுவிட்சின் மேல் விரலை வைத்தார்; அதைப் போட்டால்தான் கரண்ட் பாயும்.

சத்தம் கேட்டுக் கோமதியம்மை வந்தாள். முழங்கை வரை ஈரம் சொட்டியது. பலகையைப் பார்த்தாள்.

“மெயின இறக்கலியா?”

“இறங்க மாட்டேங்கு.”

“அப்பக் கரண்ட் வெளிய போவாதா?”

“போனாப் போகட்டும்! அங்க என்ன இருக்கு? செத்த கம்பி. மண்ணுல கெடக்கு.”

“செத்த கம்பிதானே?”

“ஆமாம்மா!”

அவள் படியிறங்கினாள். முற்றத்தைக் கடந்தாள். மடத்துக் கம்பத்திலிருந்து தொங்கிய கம்பி, தரையில் விழுந்து, உடைமர முள்வேலிக்குள் புகுந்து அந்தப் பக்கம் போயிருந்தது. குனிந்தாள். ஈரக்கை இரண்டாலும் அதைப் பற்றித் தூக்கினாள். அவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“இப்பப் போடுங்க சுவிட்ச!”

செண்பகராமன் அலறினார்.

“கிறுக்கா பிடிச்சிருக்கு? விடுங்கம்மா!”

“செத்த கம்பின்னு சொன்னீங்க.”

“கையெல்லாம் ஈரம்! கீழ போடுங்க!”

“உள்ள தண்ணிக்கு அழுதுக்கிட்டுக் கெடக்காங்க. போடுங்க அண்ணாச்சி!”

இத்தனை வருஷத்தில் அவள் குரலை உயர்த்தி அவர் கேட்டதில்லை. அவள் முகம் சிவந்து கிடந்தது. கம்பியை விடவில்லை. வெடுக்கென்று ஒரு இழு இழுத்தாள். வேலி சடசடத்தது.

சுவிட்சின் மேல் இருந்த விரலைப் பிய்த்தெடுப்பதுபோல் எடுத்தார். பாய்ந்து போய் ஜெனரேட்டரை அணைத்தார்.

இரைச்சல் அடங்கியது.

அதற்குப் பிறகுதான், வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பது கேட்டது.

“எவன்ல அது கம்பியப் பிடிச்சு இழுக்கது? லைன்ல வேல பாக்கோம், தெரியலையா? இந்த முனை என் கையில இருக்கு!”