மருதி உடைத்த வளை

மூன்று நாளாக விடாத மழை! காட்டு ஏரி தளும்பி நின்றது. கரைமேல் மருதி என்ற நீர்நாய் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

மருதிதான் அந்தக் காட்டின் வெள்ளக் காவலர். விலங்குகளின் சபை கூடி அதை நியமித்திருந்தது. நீச்சலில் அதை மிஞ்ச ஆளில்லை. துணிச்சலுக்கும் குறைவில்லை. கொஞ்சம் அவசரக் குணம் மட்டும் உண்டு.

வெள்ளக் காவலருக்கு அதிகாரம் பெரிது. ஏரிக்குள் நட்டிருந்த வெள்ளைக்கல் மூழ்கிவிட்டால், அபாயம் என்று மருதி அறிவிக்கலாம். அதன் பிறகு, உயிர்களைக் காப்பாற்ற யாருடைய வீட்டையும் உடைக்கலாம். ஆனால் சபை மூன்று நிபந்தனைகள் வைத்திருந்தது. உடைக்கும் முன் உள்ளே இருப்பவர்களைக் கூப்பிட்டு வெளியேற்ற வேண்டும். சாட்சி இருக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடக் கூடாது.

மருதி எட்டிப் பார்த்தது. வெள்ளைக்கல்லைக் காணவில்லை!

"அபாயம்! தட்டு, தட்டு!" என்று மரங்கொத்தியைப் பார்த்துக் கத்தியது.

அது இலுப்பை மரத்தை டொக் டொக் டொக் என்று தட்டியது. காடு முழுக்க அந்தச் சத்தம் அதிர்ந்தது.

கிழக்குக் கரைக்குக் கீழே ஒரு பள்ளம். அங்கே நாற்பது மான்கள் குட்டிகளோடு சிக்கியிருந்தன. மேலே ஏறும் வழியை ஓடை மூடிவிட்டது. குட்டிகளுக்கு நீந்தத் தெரியாது. கிழக்குக் கரையில் விரிசல் விழ ஆரம்பித்திருந்தது. அது உடைந்தால் ஒரு குட்டியும் தப்பாது!

வழி ஒன்றுதான். மேற்குக் கரையைத் திறந்துவிட வேண்டும். அந்தப் பக்கம் வெறும் பொட்டல். நீர் யாருக்கும் கேடில்லாமல் ஓடிவிடும். ஆனால் மேற்குக் கரையில்தான் காரி என்ற முள்ளம்பன்றியின் வளை இருந்தது.

மருதி அங்கே பாய்ந்து சென்றது. சாட்சிக்காக மரங்கொத்தியும் கூடவே பறந்து வந்தது.

"காரி அண்ணே! உங்கள் வளையை உடைக்கப் போகிறேன். வெளியே வாருங்கள்!"

காரி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. "என் வளையையா? ஏழு வருஷம் தோண்டிய வளை! தொட்டுப் பார், உன்னைச் சபையில் நிறுத்துகிறேன்!"

"நிறுத்துங்கள், வருகிறேன்! இப்போது வழி விடுங்கள். கீழே நாற்பது மான்கள்!"

அந்த நேரத்தில் வங்கன் என்ற நரி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"இதோடு என்ன பேச்சு, மருதி? நீதானே இப்போது ராஜா! அபாய காலத்தில் சட்டமாவது கிட்டமாவது! உடை!"

"உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்."

"சொந்தக்காரனே வெளியே நிற்கிறான். உள்ளே யார் இருக்கப் போகிறார்கள்? நேரம் போகிறது!"

"நான் தனிக்கட்டை. உள்ளே யாரும் இல்லை" என்று காரியும் முறைத்தபடி சொன்னது.

மருதி கிழக்கே திரும்பிப் பார்த்தது. விரிசல் நீண்டுகொண்டே போனது. மருதியின் கால்கள் பரபரத்தன. ஒரு கணம், நரி சொல்வதுதான் சரி என்றுகூடத் தோன்றியது. பாதத்தை ஓங்கியும் விட்டது.

"கூப்பிட்டாயா?" என்றது மரங்கொத்தி. "நாளைக்கு என்னைக் கேட்டால் நான் உள்ளதைத்தான் சொல்வேன்!"

மருதி பல்லைக் கடித்துக்கொண்டு வளைக்குள் தலையை நீட்டியது. "உள்ளே யார்? வெள்ளக் காவலர் கூப்பிடுகிறேன்! உடனே வெளியே வாருங்கள்!"

பதில் இல்லை.

"பார்த்தாயா?" என்றது நரி.

மருதி இன்னொரு முறை, தொண்டை கிழியக் கத்தியது.

வளையின் கடைசி மூலையில் சரசரவென்று ஒரு சத்தம். ஒரு தாய் முயல் நடுங்கியபடி வந்தது. அதன் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து குட்டிகள்!

காரி வாயைப் பிளந்தது. "என் வீட்டுக்குள் நீ எப்படி வந்தாய்?"

"பின்பக்கத் துவாரம் வழியாக வந்தோம். எங்கள் உச்சிப் பாறைக் குகையைக் காலி செய்யச் சொன்னார்களே! வெள்ளக் காவலர் உத்தரவு என்று இந்த நரிதானே எங்களைத் துரத்தியது!"

மருதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "என் உத்தரவா? உச்சிப் பாறைக்கு வெள்ளமே வராதே! என் பெயரைச் சொல்லி வீட்டைப் பிடுங்கினாயா?"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டது.

குட்டிகளைப் பார்த்த காரியின் முட்கள் மெல்லப் படிந்தன. "சரி, தோண்டு! நானும் தோண்டுகிறேன். ஆனால் சபைக்கு வந்தே ஆக வேண்டும்!"

இரண்டும் தோண்டின. மண் பறந்தது! வேர் அறுந்தது! மருதி கண்மண் தெரியாமல் நாலாபக்கமும் இடித்தது. திடீரென்று ஹோவென்ற இரைச்சல்! நீர் மேற்கே பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. காரியின் வளை கரைந்து போனது. ஏரி சரசரவென்று இறங்கியது. கிழக்குக் கரை நின்றுவிட்டது! பள்ளத்தில் மான்கள் துள்ளிக் குதித்தன.

மழை ஓய்ந்த மறுநாள் சபை கூடியது. தலைவி பெருங்கோதை என்ற யானை. முதலில் நரியைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள்.

"அபாய காலம், அம்மா! நானும் உயிரைக் காப்பாற்றத்தான் குகையை எடுத்தேன்" என்றது நரி.

"யாருடைய உயிரை?"

நரி விழித்தது. "என்... என்னுடைய உயிரை!"

சபை சிரித்தது. யானை சிரிக்கவில்லை. "குகை முயல்களுக்கு. நீ இன்றே காட்டை விட்டுப் போய்விடு!"

அடுத்து காரி எழுந்தது. "மருதி என் வளையை உடைத்தது!"

"உடைத்தேன்" என்றது மருதி.

மரங்கொத்தி நடந்ததையெல்லாம் சொன்னது. கல் மூழ்கியது, அறிவித்தது, இரண்டு முறை கூப்பிட்டது, எதையும் விடவில்லை. கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னது. "நீர் போன வழிக்கு மேலே காரியின் கிழங்கு அறை இருந்தது. அதை இடிக்கத் தேவையே இல்லை. மருதி அவசரத்தில் இடித்துவிட்டது."

யானை தீர்ப்புச் சொன்னது. "வளையை உடைத்தது சரி. எல்லோரையும் காப்பாற்ற உடைத்த வீட்டை எல்லோரும் சேர்ந்து கட்டித் தருவோம். கிழங்கு அறையை மட்டும் மருதி தனியாகக் கட்ட வேண்டும். இழந்த கிழங்கையும் தேடித் தர வேண்டும்."

மருதிக்குச் சுருக்கென்றது. 'நாற்பது மான்களைக் காப்பாற்றியவளுக்கா தண்டனை?' திரும்பிப் பார்த்தது. காரி தலை குனிந்து நின்றது. ஒரு வருஷத்துக் கிழங்கு போன துக்கம் அதன் முகத்தில் தெரிந்தது.

"கட்டித் தருகிறேன், அண்ணே" என்றது மருதி. "கிழங்கு எங்கே கிடைக்கும் என்று மட்டும் காட்டுங்கள். எனக்கு மீன் பிடிக்கத்தான் தெரியும்!"

"வா, காட்டுகிறேன்" என்றது காரி. இரண்டும் சேறு மிதித்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தன.

ஆபத்து நேரத்தில் கையில் வரும் அதிகாரம் பிறரைக் காப்பதற்கே; அதையும் அளவோடு பயன்படுத்தி, செய்ததற்குப் பதில் சொல்பவரே நல்ல காவலர்.